அடுத்த துடிப்பு எப்போது?

ஓசூர் சிப்காட்டில் சிஎன்சி மெஷின் ஓட்டுகிற ஆபரேட்டர் எவரும் கன்ட்ரோலரைத் தேர்ந்தெடுப்பதில்லை. மெஷின் லாரியிலிருந்து இறங்கும்போதே ஃபானுக், சீமென்ஸ் என்று ஏதோ ஒன்று அதில் பொருத்தப்பட்டு வந்துவிடுகிறது. ஜாப்பைக் கட்டுவது, டூல் ஆஃப்செட் போடுவது, சைக்கிள் ஸ்டார்ட் அழுத்துவது, முதல் ஜாப்பை அளந்து பார்ப்பது ஆகியவையே அவர் வேலை. பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று கேட்க வேண்டிய தேவை வருவதில்லை. பழுதானால் சர்வீஸ் இன்ஜினியர் வருவார்.

அதே ஆபரேட்டர் ஷிஃப்ட் முடிந்து தேன்கனிக்கோட்டை வழியாக அஞ்செட்டிக்கு வந்து, வீட்டுக்குப் பின்னால் ஷீட் போட்ட கொட்டகையில் தனக்கென்று ஒரு சின்ன ரூட்டர் கட்ட நினைத்தால் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. இரும்பு வேலையில் அவருக்குச் சந்தேகம் கிடையாது. லீனியர் ரெயில் எப்படி இணையாக அமைய வேண்டும், பால் ஸ்குரூவில் பேக்லாஷ் எவ்வளவு இருக்கலாம் என்பதெல்லாம் கை அறிந்த விஷயம். தடுமாற்றம் தொடங்குவது கன்ட்ரோலரில்தான். ஆர்டுயினோ, கிரபிள், மாக்3, லினக்ஸ்சிஎன்சி, இஎஸ்பி32, மெசா கார்டு, சீனத்து ஆஃப்லைன் கன்ட்ரோலர் என்று பெயர்கள் குவிகின்றன. யாரைக் கேட்டாலும் தான் வாங்கியதையே நல்லது என்கிறார்கள். இந்தக் கூட்டத்தில் வழி கண்டுபிடிக்க ஒரே ஒரு கேள்வி போதும் என்பது என் எண்ணம்: அடுத்த துடிப்பு எப்போது போக வேண்டும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

ஸ்டெப்பர் மோட்டாரின் வேலை எளிமையானது. டிரைவருக்கு ஒரு மின்துடிப்பு வந்தால் மோட்டார் ஒரு அடி நகரும். ஒரு முழுச் சுற்றுக்கு 200 அடிகள், அதாவது அடிக்கு 1.8 பாகை. டிரைவரில் 16 மைக்ரோஸ்டெப் வைத்தால் சுற்றுக்கு 3,200 துடிப்புகள் தேவை. பால் ஸ்குரூவின் பிட்ச் 5 மி.மீ. என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு 640 துடிப்புகள். நிமிடத்துக்கு 2,400 மி.மீ. வேகத்தில் ஓட வேண்டுமானால் ஒவ்வொரு விநாடியும் 25,600 துடிப்புகள் போக வேண்டும். இரண்டு துடிப்புகளுக்கு இடையே 39 மைக்ரோவிநாடிதான் இடைவெளி.

எண்ணிக்கை சரியாக இருந்தால் மட்டும் போதாது, இடைவெளியும் சீராக இருக்க வேண்டும். அந்த வேகத்தில் மோட்டார் நிமிடத்துக்கு 480 சுற்று சுற்றிக்கொண்டிருக்கிறது. நடுவே துடிப்பு ஒரு மில்லி விநாடி தாமதித்து, பிறகு முழு வேகத்தில் மீண்டும் வந்தால், ரோட்டார் அதைப் பிடிக்க முடியாமல் நழுவிவிடும். நழுவியது யாருக்கும் தெரியாது. சிப்காட்டில் ஓடும் விஎம்சியில் சர்வோ மோட்டாரின் பின்னால் என்கோடர் இருக்கிறது. சொன்ன இடத்துக்கும் போன இடத்துக்கும் வித்தியாசம் வரம்பைத் தாண்டினால் அலாரம் அடித்து மெஷின் நின்றுவிடும். வீட்டு ரூட்டரின் சாதாரண ஸ்டெப்பரில் அப்படித் திருப்பிச் சொல்ல எதுவும் இல்லை. புரோகிராம் முடியும்வரை அது தவறான இடத்தில் நம்பிக்கையோடு வெட்டிக்கொண்டே போகும்.

ஆகவே துடிப்பை உருவாக்கும் வேலை, வேறு எதற்காகவும் அதைத் தள்ளிப்போடாத ஒன்றிடம் இருக்க வேண்டும். நாம் வீட்டில் வைத்திருக்கும் விண்டோஸ் கம்ப்யூட்டர் அப்படிப்பட்டதல்ல. வைரஸ் ஸ்கேன், வைஃபை, திரையைப் புதுப்பிப்பது என்று அதற்கு நூறு வேலைகள். ஒரு வேலை சில மில்லி விநாடி தாமதமானால் வீடியோ பார்க்கிறவருக்குத் தெரியாது. மோட்டாருக்குத் தெரியும்.

எண்முறைக் கட்டுப்பாடு பிறந்தபோது இந்த வேலைக்கு ஓர் அலமாரியே தேவைப்பட்டது. ஹெலிகாப்டர் இறக்கைகள் செய்துவந்த அமெரிக்கர் ஜான் பார்சன்ஸ், வளைவுகளைப் புள்ளிகளாகக் கணக்கிட்டு அந்தப் புள்ளிகளின்படியே மெஷினை ஓட்டலாம் என்று எண்ணினார். 1949-இல் அமெரிக்க விமானப்படை அவருக்கு ஒப்பந்தம் தந்தது. எம்ஐடியின் சர்வோ ஆய்வகம் அதில் சேர்ந்து, துளையிட்ட காகித நாடாவைப் படித்து இயங்கும் மில்லிங் மெஷினை 1952-இல் காட்டியது. வெற்றிடக் குழாய்கள் நிறைந்த அதன் கட்டுப்பாட்டு அலமாரி மெஷினையே சிறியதாகக் காட்டும் அளவுக்குப் பெரியது. அன்று அந்த அலமாரி செய்த வேலையை இன்று உள்ளங்கையில் அடங்கும் ஒரு பலகை செய்கிறது.

ஓசூரில் நேரத்தை நுணுக்கமாக அளக்கும் தொழிலுக்கு வேர் உண்டு. டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் கூட்டாக 1984-இல் தொடங்கிய டைட்டன், தன் கைக்கடிகாரங்களை இங்கேதான் செய்யத் தொடங்கியது. குவார்ட்ஸ் கடிகாரத்தின் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிரும். ஆர்டுயினோ ஊனோ பலகையின் கடிகாரம் விநாடிக்கு 1 கோடியே 60 லட்சம் முறை அடிக்கிறது. 2009-இல் நார்வேக்காரர் சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் எழுதத் தொடங்கி, பின்னர் சன்னி ஜியோன் வளர்த்தெடுத்த கிரபிள் என்ற இலவச மென்பொருள் ஓடுவது இந்தப் பலகையில்தான். விநாடிக்கு 30,000 துடிப்புகள் அதன் எல்லை. வகுத்துப் பாருங்கள்: ஒரு துடிப்புக்கு 533 கடிகார அடிகள். அதற்குள் மூன்று அச்சுகளின் கணக்கையும் முடித்து, கம்ப்யூட்டரிலிருந்து வரும் எழுத்துகளையும் வாங்கி, அடுத்த திருப்பத்தில் எவ்வளவு வேகம் குறைக்க வேண்டும் என்றும் முடிவெடுக்க வேண்டும். நிரலுக்கு இருப்பது 32 கிலோபைட், வேலை செய்ய 2 கிலோபைட் நினைவகம். இவ்வளவு சிறிய இடத்தில் இத்தனையும் அடங்கியிருப்பது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

அந்த நெருக்கடியின் விலையும் தெரியவேண்டும். கம்பெனியில் ஜி81, ஜி83 போட்டு டிரில் அடித்துப் பழகியவர், கிரபிளில் அதைக் கொடுத்தால் பிழை எண் வரும். கேன்டு சைக்கிள் அதில் இல்லை. ஜி41, ஜி42 டூல் ரேடியஸ் காம்பென்சேஷன் இல்லை. எம்98 சப்-புரோகிராம் இல்லை. ஜி0, ஜி1, ஜி2, ஜி3, ஜி54 எல்லாம் கம்பெனியில் படித்தபடியே நடக்கும். மற்றவற்றைக் கேம் மென்பொருள் சாதாரண நகர்வுகளாக விரித்துத் தர வேண்டும். ஃப்ரீகேட் போன்ற இலவச மென்பொருளில் கிரபிளுக்கென்றே போஸ்ட் புராசசர் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இன்னொரு எல்லை அவ்வளவு எளிதாகக் கண்ணில் படாது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மர ரூட்டர் வாங்குகிறவர் மனத்தில் பெரும்பாலும் இருப்பது பூஜை அறைக் கதவு. தாமரை, யானை, கொடி என்று புடைப்பு வேலை. கேம் மென்பொருள் அந்த வளைவுகளைச் சின்னச் சின்ன நேர்கோடுகளாக உடைக்கிறது, ஒவ்வொன்றும் 0.1 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஊனோவில் ஓடும் கிரபிள் 16 நகர்வுகளை மட்டுமே முன்கூட்டிப் பார்க்கும். அதாவது அதன் பார்வை 1.6 மி.மீ. தூரம்தான். அதற்கு அப்பால் என்ன இருக்கிறதென்று தெரியாததால், அந்த 1.6 மி.மீட்டருக்குள் நிற்க முடிகிற வேகத்துக்கு மேல் அது போகாது. முடுக்கம் விநாடிக்கு விநாடி 200 மி.மீ. என்றால் கணக்கில் வருவது விநாடிக்கு 25 மி.மீ., நிமிடத்துக்கு 1,500 மி.மீ. நீங்கள் எஃப்3000 என்று எழுதியிருந்தாலும் அதில் பாதிதான் கிடைக்கும். மோட்டாரைக் குறை சொல்லி, பெரிய மோட்டார் வாங்கிப் போட்டு, மறுபடியும் அதே வேகத்தைப் பார்த்துச் சோர்ந்துபோகிறவர்கள் உண்டு. குறை மோட்டாரில் இல்லை; கன்ட்ரோலரின் நினைவகத்தில் இருக்கிறது.

கதவு வேலைதான் முக்கியம் என்றால் 32-பிட் பலகைக்குப் போவது நல்லது. கிரபிளின் வழித்தோன்றல்களான கிரபிள்-ஹால், ஃப்ளூயிட்என்சி இரண்டும் அப்படிப்பட்ட பலகைகளில் ஓடுகின்றன. ஃப்ளூயிட்என்சி ஓடும் இஎஸ்பி32 சில்லு 240 மெகாஹெர்ட்ஸ். கிரபிள்-ஹால் ஓடும் டீன்சி 4.1 பலகை 600 மெகாஹெர்ட்ஸ். ஊனோவில் துடிப்புக்கு 533 அடி இருந்த இடத்தில் டீன்சியில் 20,000 அடி. முன்கூட்டிப் பார்க்கும் நகர்வுகளையும் அதற்கேற்ப அதிகமாக வைக்கலாம். மேலும் ஃப்ளூயிட்என்சியில் எஸ்டி கார்டிலிருந்தே புரோகிராமை ஓட்ட முடியும். ஸ்பிண்டில் ஆன் ஆகும்போது எழும் மின்னிரைச்சலில் யுஎஸ்பி தொடர்பு அறுந்து, பாதி வெட்டிய பலகை வீணாவது ரூட்டர்காரர்களுக்குப் பழகிப்போன தொல்லை. எஸ்டி கார்டு இருந்தால் கம்ப்யூட்டர் விழுந்தாலும் வேலை நிற்காது.

ஒரு எச்சரிக்கை: இஎஸ்பி32, டீன்சி இரண்டுமே 3.3 வோல்ட் சில்லுகள். டிஎம்542 போன்ற டிரைவர்களின் உள்ளீட்டில் இருக்கும் ஆப்டோகப்ளர் 5 வோல்ட்டை எதிர்பார்க்கிறது. நேரடியாக இணைத்தால் சில சமயம் ஓடும், சில சமயம் துடிப்பு விட்டுப்போகும். முழுக்க ஓடாமல் போனால்கூடப் பரவாயில்லை, கண்டுபிடித்துவிடலாம். அவ்வப்போது ஓடுவதுதான் ஆளை அலைக்கழிக்கும். 74எச்சிடி245 என்ற விலை குறைந்த பஃபர் ஐசி ஒன்றை நடுவில் வைத்தால் 3.3 வோல்ட் 5 வோல்ட்டாகிவிடும். பலகை வாங்கும்போதே அது இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

டிரைவர் விஷயத்திலும் அளவு அறிந்து வாங்க வேண்டும். ஏ4988 சின்ன நீமா 17 மோட்டாருக்குத்தான். அதில் கரண்டை அமைப்பதை ஒரு தடவை கையால் செய்து பார்த்தால் மறக்காது. மல்டிமீட்டரின் கறுப்பு முனையை கிரவுண்டில் வைத்து, சிவப்பு முனையைச் சின்னத் திருகின் தலையிலேயே வைத்து, திருகை மெல்லத் திருப்ப வேண்டும். காட்ட வேண்டிய வோல்டேஜ், வேண்டிய கரண்டை 8-ஆல் பெருக்கி, பலகையில் உள்ள சென்ஸ் ரெசிஸ்டரின் மதிப்பால் பெருக்கினால் வரும். சில்லுக்குப் பக்கத்தில் எள்ளளவு கறுப்புத் துண்டின் மேல் ஆர்100 என்று எழுதியிருந்தால் அது 0.1 ஓம், 1 ஆம்பியருக்கு 0.8 வோல்ட். ஆர்050 என்றிருந்தால் அதே 0.8 வோல்ட்டில் 2 ஆம்பியர் பாயும், மோட்டாரும் டிரைவரும் கொதிக்கும். அலுமினியம் வெட்டுகிற அளவு ரூட்டருக்கு நீமா 23 மோட்டாரும், 36 அல்லது 48 வோல்ட் சப்ளையும், டிஎம்542 வகை டிரைவரும் வேண்டும். வேகம் கூடக் கூட மோட்டாரின் சுருளில் கரண்ட் ஏற நேரம் போதாமல் இழுவை குறையும். உயர்ந்த வோல்டேஜ் அதை ஈடுகட்டுகிறது. மைக்ரோஸ்டெப்பைக் கூட்டினால் துல்லியம் கூடும் என்று நம்பி 64, 128 என்று வைக்க வேண்டாம். 16-இலேயே ஒரு மைக்ரோஸ்டெப்புக்கு மோட்டாரின் பிடிப்பு விசையில் பத்தில் ஒரு பங்குதான் கிடைக்கிறது. கூட்டக் கூட, அசைய வைக்கும் விசை மேலும் குறையும், கன்ட்ரோலருக்குத் துடிப்புச் சுமை ஏறும்.

லேத்தை சிஎன்சியாக மாற்ற நினைப்பவருக்கு என் பதில் வேறு. திரெட் வெட்ட வேண்டுமானால் ஸ்பிண்டில் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பது கன்ட்ரோலருக்கு ஒவ்வொரு கணமும் தெரிய வேண்டும். ஊனோ கிரபிளால் அது ஆகாது. இங்கே லினக்ஸ்சிஎன்சிதான் சரி. அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் 1990-களில் எழுதி, அரசுப் பணி என்பதால் பொதுவுடைமையாக விட்ட நிரலிலிருந்து வளர்ந்தது அது. ஜி33, ஜி76 திரெடிங், ஜி41, ஜி42, சப்-புரோகிராம் எல்லாம் உண்டு. ஃபானுக்கில் இரண்டு வரியாக எழுதிய ஜி76 இதில் ஒரே வரியில் வேறு எழுத்துகளோடு வரும்; அதை மட்டும் புதிதாகப் படிக்க வேண்டும்.

லினக்ஸ்சிஎன்சி ஓடுவது சாதாரண கம்ப்யூட்டரில்தான். ஆனால் நேரம் தவறாத ரியல்-டைம் கெர்னலோடு ஓடுகிறது. பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்தால், முதலில் அதில் லேட்டன்சி டெஸ்ட் ஓட்டிப் பார்க்க வேண்டும். பல ஜன்னல்களைத் திறந்து, வீடியோ ஓட்டி, கோப்புகளைப் பிரதி எடுத்து அதைத் திணறடித்துக்கொண்டே பார்க்க வேண்டும். அதிகபட்சத் தாமதம் 15–20 மைக்ரோவிநாடிக்குள் இருந்தால் கம்ப்யூட்டரே பேரலல் போர்ட் வழியாகத் துடிப்புகளை நன்றாக அனுப்பும். 100-ஐத் தாண்டினால் அந்த வழி வேண்டாம். அப்போது துடிப்பு உருவாக்கும் பொறுப்பை மெசா கார்டு எடுத்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் ஒவ்வொரு மில்லி விநாடிக்கும் ஒரு முறை அதற்கு வழி சொன்னால் போதும். லேப்டாப் வேண்டாம். பேட்டரியைக் காப்பதற்காக அது தன்னிச்சையாகச் செய்யும் வேலைகள் இந்த நேரக்கணக்கைக் குலைத்துவிடும். யுஎஸ்பியிலிருந்து பேரலல் போர்ட்டுக்கு மாற்றும் கேபிளும் இதற்கு உதவாது. அது பிரின்டருக்காகச் செய்தது.

மாக்3 என்ற விண்டோஸ் மென்பொருள் இன்றும் கையிலிருந்து கைக்கு வந்துகொண்டிருக்கிறது. நிறையப் பேர் அதில் நல்ல வேலை செய்திருக்கிறார்கள். ஆனால் அதன் பேரலல் போர்ட் டிரைவர் 32-பிட் விண்டோஸில் மட்டுமே ஓடும். இன்று புதிதாகத் தொடங்குகிறவர், மாற்றுக் கம்ப்யூட்டர் கிடைக்காத ஒன்றின் மேல் தன் மெஷினைக் கட்டக் கூடாது. பழுதானால் ஓசூருக்கோ பெங்களூருக்கோ ஒரு பஸ் பயணத்தில் வாங்கி வந்து மாற்ற முடிகிறதா என்பதுதான் அஞ்செட்டியில் இருப்பவருக்கு அளவுகோல்.

கரண்டு போவதைப் பற்றிப் பேசாமல் நம் ஊரில் கன்ட்ரோலர் தேர்வு முடியாது. நடுவேலையில் கரண்டு போனால் ஸ்டெப்பர் மெஷின் தான் எங்கே நிற்கிறது என்பதை மறந்துவிடும். யுபிஎஸ் வைக்கலாம். ஆனால் 2.2 கிலோவாட் ஸ்பிண்டிலை யுபிஎஸ்ஸில் ஓட்டுவது கட்டுப்படியாகாது. கன்ட்ரோலரும் மோட்டார் சப்ளையும் மட்டும் யுபிஎஸ்ஸில் இருந்தால் இன்னும் மோசம்: ஸ்பிண்டில் நின்றுவிடும், அச்சுகள் மட்டும் ஓடிக்கொண்டேயிருக்கும், பிட் ஒடியும்.

இதற்கு ஒரு வழி, 230 வோல்ட் காயில் உள்ள ஒரு சின்ன ரிலே. அதன் காயிலை ஈபி லைனிலேயே இணைக்க வேண்டும், யுபிஎஸ்ஸில் அல்ல. கரண்டு இருக்கும்வரை ரிலே இழுத்துப் பிடித்திருக்கும். போனவுடன் விடுபட்டு, அதன் நார்மலி குளோஸ்டு கான்டாக்ட் மூடும். அந்தக் கான்டாக்ட்டை கிரபிளின் ஃபீடு ஹோல்டு பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே கொடுத்தால், அச்சுகள் முறையாக வேகம் குறைத்து, இடம் மறக்காமல் நிற்கும். ஸ்பிண்டில் தன் சுழல்வேகத்தில் இன்னும் சிறிது நேரம் சுற்றிக்கொண்டிருப்பதால், அது நிற்பதற்குள் அச்சுகள் நின்றுவிடும். $1 அமைப்பை 255 என்று வைத்திருந்தால் மோட்டார்கள் பிடியை விடாது. கரண்டு வந்ததும் ஸ்பிண்டிலை ஓட்டி, முழு வேகம் வந்தபின் சைக்கிள் ஸ்டார்ட். பின்னுக்குப் போகும் ஒயரை ஷீல்டு கேபிளாகப் போட்டு, பலகையருகே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இரைச்சலே ஹோல்டு கொடுத்துவிடும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மூன்று பேஸ் கரண்டு குறிப்பிட்ட மணிநேரம்தான் வரும் என்பதால் ராகிக்கும் தக்காளிக்கும் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள் மோட்டார் கொட்டகையில் ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்திருக்கிறார்கள். கரண்டு வந்தால் பம்பு தானே ஓடும், நல்ல ஏற்பாடு. அந்தப் பழக்கத்தை ஸ்பிண்டிலுக்குக் கொண்டுவரவே கூடாது. டூல் மாற்றுவதற்காகக் காலெட்டில் கை வைத்திருக்கும்போது கரண்டு திரும்பி, ஸ்பிண்டில் தானே நிமிடத்துக்கு 24,000 சுற்றுக்கு ஏறினால் விரல் மிஞ்சாது. பச்சை, சிவப்பு பட்டன் உள்ள கான்டாக்டர் வழியாகத்தான் ஸ்பிண்டிலை ஓட்டும் விஎஃப்டிக்குக் கரண்டு போக வேண்டும். போய் வந்தால் யாராவது கையால் அழுத்தினால்தான் மறுபடி பிடிக்க வேண்டும். எமர்ஜென்சி பட்டனும் இதே கான்டாக்டரை விடுவிக்க வேண்டும், கூடவே மோட்டார் சப்ளையையும் அறுக்க வேண்டும். எமர்ஜென்சியைக் கன்ட்ரோலரின் பின்னுக்கு மட்டும் கொடுத்துவிட்டு மென்பொருளை நம்பி இருக்காதீர்கள். லிமிட் ஸ்விட்சுகளையும் நார்மலி குளோஸ்டாக இணையுங்கள். ஒயர் அறுந்தால் மெஷின் நிற்கும். மற்ற முறையில் இணைத்தால் ஒயர் அறுந்தது இடிக்கும்போதுதான் தெரியும். உப்பும் கரியும் போட்டு, தண்ணீர் ஊற்றிப் பராமரிக்கிற எர்த் குழி ஒன்று விஎஃப்டிக்குக் கட்டாயம். உடலுக்குப் பாதுகாப்பு என்பதோடு, மேலே சொன்ன இரைச்சலைக் குறைக்கவும் அது உதவும்.

எல்லாம் கட்டி முடித்தபின் கதவை வெட்டத் தொடங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்ய வேண்டும். மேக்னெட் ஸ்டாண்டில் டயல் கேஜ் வைத்து, எக்ஸ் அச்சை அதன் மேல் தொட்டு ஜீரோ எடுங்கள். அச்சை முழு வேகத்தில் 500 முறை போய் வரச் செய்து மீண்டும் அதே இடத்துக்குக் கொண்டுவாருங்கள். முள் அதே இடத்தில் நின்றால் நேரக்கணக்கு சரி. எப்போதும் ஒரே பக்கமாக, ஏறத்தாழ 0.78 மி.மீ. நகர்ந்திருந்தால் ஒவ்வொரு போய்வரவுக்கும் ஒரு மைக்ரோஸ்டெப் வீதம் தவறுகிறது என்று பொருள். திசை மாற்றும் சைகைக்கும் துடிப்புக்கும் இடையே டிரைவர் கேட்கும் அவகாசம் கிடைக்கவில்லை, அல்லது துடிப்பின் போலாரிட்டி தலைகீழாக இருக்கிறது. கிரபிளில் $2 அமைப்பை மாற்றிப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு அளவில் நகர்ந்தால் இரைச்சலோ, முடுக்கம் அதிகமோ காரணம். ஸ்பிண்டிலை நிறுத்திவிட்டும், பிறகு ஓடவிட்டும் செய்து பார்த்தால் இரண்டில் எது என்று பிரிந்துவிடும். முள் ஜீரோவுக்குச் சரியாகத் திரும்பி, ஆனால் 100 மி.மீ. போகச் சொன்னால் 99.6 மி.மீ. மட்டும் போகிறதென்றால் துடிப்பில் எந்தக் குறையும் இல்லை. மில்லிமீட்டருக்கு 640 என்று எழுதிய எண்ணைத் திருத்தினால் போதும்.